ஏ.எஃப்.பி. என்னும் மூன்றெழுத்து: கல்லீரல், எலும்பு, ஒரு சிறு வரலாறு

அறுபதைத் தாண்டிய நம்மில் பலர் வீட்டு அலமாரியில் ஒரு பிளாஸ்டிக் பை இருக்கும். வருஷ வாரியாக இரத்தப் பரிசோதனைத் தாள்களை அதில் சேர்த்து வைத்திருப்போம். கல்லீரல் தொந்தரவு உள்ளவர்களின் தாளில் ஏ.எஃப்.பி. என்று ஒரு வரி வரும். பக்கத்தில் ஓர் எண், அதற்கும் பக்கத்தில் 'இயல்பு அளவு' என்று இன்னோர் எண். இரண்டையும் ஒப்பிட்டுவிட்டு ஒன்று நிம்மதியாகத் தூங்குவோம், இல்லையேல் தூக்கத்தைத் தொலைப்போம். அந்த எண் எங்கிருந்து வந்தது, எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

நான் மருத்துவம் படித்தவன் அல்ல. புதுச்சேரி அரசு அலுவலகத்தில் கோப்பு எழுதி ஓய்வு பெற்றவன். பள்ளிப் படிப்பெல்லாம் பிரெஞ்சு வழியில். அதனால் பழைய மருத்துவ வரலாறுகளை அந்த மொழியில் படிக்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டது. இந்த விஷயத்தில் நான் இறங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. அதை நடுவில் சொல்கிறேன்.

முதலில் ஒரு சொல். புற்றுநோய் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் பரவுவதைப் பிரெஞ்சில் 'மெத்தாஸ்தாஸ்' என்பார்கள். நம் மருத்துவர்கள் 'மெட்டாஸ்டாசிஸ்' என்கிறார்கள். கிரேக்க மூலம், இடம் மாறுதல் என்று பொருள். பழைய வைத்தியத்தில் வேறு நோய்களுக்கும் வழங்கிய சொல்தான். புற்றுநோய்ப் பரவலுக்கு அதைப் பொருத்தியவர் பாரிஸ் ஓத்தேல் தியே மருத்துவமனையில் பணியாற்றிய ழோசேஃப் ரெக்காமியே. 1829-இல் வந்த அவருடைய நூலில் அது இருக்கிறது. என் போன்றவர்களுக்குச் சுலபமாகப் புரியும்படி சொன்னால், டிரான்ஸ்ஃபர். ஆனால் ஒரு வித்தியாசம். டிரான்ஸ்ஃபர் ஆன குமாஸ்தா பழைய நாற்காலியைக் காலி செய்துவிட்டுப் போவார். புற்றுநோய் பழைய இடத்தையும் விடாது. போன இடத்தில் கிளை அலுவலகம் திறந்துவிடும். கிளையில் நடப்பதும் தலைமை அலுவலகத்தின் வேலைதான். அதாவது, கல்லீரலில் தோன்றி எலும்புக்குப் போன நோய் 'எலும்புப் புற்றுநோய்' ஆகிவிடாது. எலும்பில் உட்கார்ந்திருக்கும் கல்லீரல் புற்றுநோய் அது. எலும்பிலிருந்து துளி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் கல்லீரல் செல்லின் சாயல் தெரியும்.

இனி, இந்த 'மார்க்கர்' என்கிறார்களே, அதன் கதைக்கு வருவோம். உடம்பில் புற்று இருப்பதை இரத்தமோ சிறுநீரோ காட்டிக்கொடுக்கும் என்று முதலில் தெரிந்ததே எலும்பு வலி கண்ட ஒருவரால்தான். 1845-இல் லண்டனில் 45 வயது வணிகர் ஒருவர் கடுமையான எலும்பு வலியோடு படுத்துவிட்டார். அவரைப் பார்த்த வில்லியம் மெக்கின்டயர் என்ற மருத்துவர் சிறுநீரைச் சோதித்தார். அதில் ஒரு விசித்திரம். அமிலம் சேர்த்தபின் படிந்த வண்டல், சூடாக்கினால் கரைந்தது; ஆறினால் மறுபடி படிந்தது. அதை ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் என்ற வேதியியல் தெரிந்த மருத்துவருக்கு அனுப்பினார்கள். 1846 புத்தாண்டு அன்று நோயாளி காலமானார். பிரேதப் பரிசோதனையில் எலும்புகள் மெதுவாகி, நொறுங்கும் நிலையில் இருந்தன. இன்று அந்த நோயை மயலோமா என்கிறோம். எலும்பு மஜ்ஜையில் வரும் புற்று. அந்தப் புரதம் இன்றும் பென்ஸ் ஜோன்ஸ் பெயரில்தான் வழங்குகிறது. முதலில் பார்த்த மெக்கின்டயர் பெயர் பின்னால் போய்விட்டது. அலுவலகங்களில் நடக்காததா?

நோய் ஏன் எலும்பைத் தேடிப் போகிறது? இந்தக் கேள்வியை உருப்படியாகக் கேட்டவர் ஸ்டீபன் பேஜட் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர். 1889-இல், மார்பகப் புற்றால் இறந்த 735 பெண்களின் பதிவுகளைப் புரட்டிப் பார்த்தார். இரத்தம் எல்லா இடத்துக்கும்தான் போகிறது. ஆனால் நோய் எல்லா இடத்திலும் தங்கவில்லை. சில உறுப்புகளையும் சில எலும்புகளையும் மட்டும் விரும்பித் தங்கியது. விதை எங்கும் விழலாம், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்று அதற்கு விளக்கம் சொன்னார். 1940-இல் ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த ஆஸ்கார் பேட்சன் இன்னொன்றைக் காட்டினார். முதுகெலும்பைச் சுற்றி ஒரு சிரைவலை இருக்கிறது. அதில் வால்வு கிடையாது. இருமினாலோ முக்கினாலோ வயிற்றுக்குள் அழுத்தம் ஏறி, இரத்தம் அந்த வலைக்குள் எதிர்த்திசையில் புகுந்துவிடும். வயிற்றுப் பகுதியில் உள்ள நோய் முதுகெலும்புக்குப் போக அது ஒரு குறுக்குச் சந்து. கல்லீரல் புற்று முதுகெலும்பு, இடுப்பெலும்பு, விலா எலும்பு ஆகியவற்றில் அதிகம் காணப்படுவதற்கு இந்த வழியையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள்.

அப்படியானால் எலும்புக்குப் போய்விட்டதா என்று இரத்தத்திலேயே பார்த்துவிடலாமே என்று தோன்றும். ஒரு நோயில் அது நடந்தது. 1938-இல் நியூயார்க்கில் அலெக்சாண்டர் குட்மன், ஈத்தெல் குட்மன் தம்பதியர், விந்துச் சுரப்பிப் புற்று எலும்புக்குப் பரவியவர்களின் இரத்தத்தில் ஆசிட் பாஸ்படேஸ் என்ற நொதி ஏறுவதைக் காட்டினார்கள். கல்லீரலுக்கு அந்த வசதி அமையவில்லை. அங்கே ஒரு சிக்கல் இருக்கிறது.

உங்கள் தாளில் 'அல்கலைன் பாஸ்படேஸ்' என்று ஒரு வரி இருக்கும். 1923-இல் லண்டனில் ராபர்ட் ராபிசன் என்பவர், எலும்பு உருவாகும் இடத்தில் வேலை செய்யும் நொதி என்று இதைக் கண்டார். எலும்பு நோய்களில் அது இரத்தத்தில் ஏறும். ஆனால் அடுத்த சில ஆண்டுகளிலேயே, பித்தநீர் அடைத்து மஞ்சள் காமாலை வந்தவர்களிடமும் அது ஏறுவது தெரிந்தது. கல்லீரலும் அதை உண்டாக்குகிறது. 1934-இல் கிங், ஆர்ம்ஸ்ட்ராங் என்ற இருவர் அதை அளக்க ஒரு முறை வகுத்தார்கள். பழைய தாள்களில் 'கே.ஏ. யூனிட்' என்று பார்த்த ஞாபகம் சிலருக்கு இருக்கலாம். அந்த 'கே'யும் 'ஏ'யும் இவர்கள்தான். ஒரே முத்திரையை இரண்டு அலுவலகங்கள் பயன்படுத்தினால் கடிதம் எங்கிருந்து வந்தது என்று எப்படித் தெரியும்? கல்லீரல் நோயாளிக்கு இந்த எண் ஏறினால் அது கல்லீரலின் குரலா, எலும்பின் குரலா என்று அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஜி.ஜி.டி. என்ற இன்னொரு நொதியையும் சேர்த்துப் பார்ப்பதற்குக் காரணம் இதுதான். அது எலும்பிலிருந்து வருவதில்லை. அதுவும் கூடவே ஏறியிருந்தால் கல்லீரல் பக்கம் சந்தேகம் போகும். ஆனால் ஏற்கெனவே கல்லீரல் கெட்டவருக்கு இரண்டும் ஏறித்தான் இருக்கும். எலும்பின் குரல் அந்தச் சத்தத்தில் அமுங்கிவிடும்.

இப்போது ஏ.எஃப்.பி.க்கு வருவோம். விரித்துச் சொன்னால் ஆல்ஃபா ஃபீட்டோ புரோட்டீன். கரு தாயின் வயிற்றில் இருக்கும்போது உண்டாக்கும் புரதம். பிறந்து ஓராண்டுக்குள் மிகவும் குறைந்து, பெரியவர்களிடம் துளியளவுதான் மிஞ்சும். 1963-இல் மாஸ்கோவில் கமலேயா நிறுவனத்தில் காரி அபெலெவும் உடன் பணியாற்றியவர்களும், கல்லீரல் கட்டி உள்ள எலிகளை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். கருவிலும் பிறந்த குட்டியிலும் மட்டும் இருக்க வேண்டிய புரதம், கட்டி உள்ள வளர்ந்த எலியின் இரத்தத்திலும் வந்தது. கிழ எலியின் கல்லீரல் குழந்தைப் பருவத்து வேலையை மறுபடி தொடங்கிவிட்டது! அதே காலத்தில், வோல்கா நதி கடலில் சேரும் இடத்தில் உள்ள அஸ்திரகான் நகரில், யூரி தத்தாரினொவ் என்பவர் கல்லீரல் புற்று வந்த மனிதரின் இரத்தத்தில் இதைக் கண்டு, 1964-இல் வெளியிட்டார்.

பனிப்போர் உச்சத்தில் இருந்த காலம் அது. ஆனாலும் இந்த விஷயம் எல்லை தாண்டியது. தெகோல் ஆதரவில் 1965-இல் பிரான்சின் லியோன் நகரில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. கல்லீரல் புற்று ஆப்பிரிக்காவில் அதிகம். டாக்கார் நோயாளிகளின் இரத்தத்தைப் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் ழொசே உரியேலும் மற்றவர்களும் சோதித்தார்கள். 1970-இல் வந்த கூட்டாய்வு அறிக்கை ஒன்றில் அபெலெவ், தத்தாரினொவ், உரியேல், ஓகானர் என்று ரஷ்ய, பிரெஞ்சு, அமெரிக்கப் பெயர்கள் ஒன்றாக இருக்கின்றன. அந்தக் காலத்து அரசியல் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும்.

அன்றைய சோதனை சற்று முரட்டுச் சோதனை. அகர் கூழில் இரத்த நீரை ஊறவைத்து, வெள்ளைக் கோடு விழுகிறதா என்று பார்ப்பார்கள். புரதம் மிக அதிகமாக இருந்தால்தான் கோடு விழும். ஆகவே கோடு விழுந்தால் நோய் அநேகமாக நிச்சயம். 1971-இல் ஹெல்சிங்கியில் ருவோஸ்லாட்டி, செப்பாலா இருவரும் கதிரியக்க முறையில் ஆயிரம் மடங்கு நுட்பமாக அளந்தார்கள். அப்போதுதான் நல்ல ஆரோக்கியமானவர்களிடமும் இது கொஞ்சம் இருக்கிறது என்று தெரிந்தது. கருவுற்ற பெண்ணிடம் ஏறுகிறது. கல்லீரல் அழற்சியில் ஏறுகிறது. சிறிய கட்டியில் ஏறாமலும் இருக்கிறது. இருக்கிறது, இல்லை என்று இரண்டே பதில் சொல்லிக்கொண்டிருந்த சோதனை, இப்படித்தான் எண்ணாக மாறியது. எண்ணாக மாறியதும் அதற்கு அர்த்தம் சொல்வது கடினமாகிவிட்டது. கல்லீரல் புற்று உள்ளவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினருக்கு ஏ.எஃப்.பி. ஏறுவதே இல்லை.

இந்த இடத்தில்தான் என் காரணத்தைச் சொல்ல வேண்டும்.

என்னோடு பல வருஷம் ஒரே பிரிவில் எதிர் மேசையில் உட்கார்ந்து வேலை பார்த்த நண்பர். மதுவைத் தொடாதவர். ஹெபடைட்டிஸ் பி கிருமியால் கல்லீரல் சுருங்க ஆரம்பித்திருந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏ.எஃப்.பி. பார்ப்பார். எப்போதும் பத்துக்குள்தான் வரும். தாளை என்னிடம் காட்டி, "பாத்தியாப்பா, ஆடிட் அப்ஜெக்‌ஷன் எதுவும் இல்லை" என்பார். ஓய்வு பெற்றுச் சில வருஷம் கழித்து முதுகு வலி வந்தது. போன இடத்தில், மார்க்கர் நார்மலாக இருக்கிறது, இது வயதுக்கு வரும் வலிதான் என்று சொல்லித் தைலமும் மாத்திரையும் கொடுத்தார்கள். இரண்டு மாதம் போயிற்று. ஒருநாள் அவர் மனைவி போனில், "அண்ணே, பகல்ல எப்படியோ நடமாடிடறார். ராத்திரி படுத்தாத்தான் உசிரு போவுதுங்கறார். இது சாதா வலியா எனக்குத் தெரியலை" என்றார். வேறோர் ஊருக்கு அழைத்துப் போனார்கள். எம்.ஆர்.ஐ. எடுத்ததில் முதுகெலும்பில் இரண்டு இடத்தில் அரித்திருந்தது. அங்கிருந்து ஊசியில் எடுத்த துளி, கல்லீரல் செல் என்று சொல்லிற்று. அதன் பிறகு வயிற்றை ஸ்கேன் செய்தபோதுதான் கல்லீரலில் கட்டி தெரிந்தது. அப்போதும் ஏ.எஃப்.பி. பத்துக்குள்தான்!

கதிர்வீச்சுக் கொடுத்தார்கள். வலி நன்றாகக் குறைந்தது. பேத்தி கல்யாணத்தில் நாற்காலியில் உட்கார்ந்து அட்சதை போட்டார். ஒன்பது மாதம் இருந்தார். இரண்டு மாதம் முன்னால் தெரிந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று நான் சொல்ல மாட்டேன். அந்த இரண்டு மாத இரவுகள் அவருக்கு அப்படிப் போயிருக்க வேண்டியதில்லை என்று மட்டும் சொல்வேன்.

அவர் போனபின்தான் இதையெல்லாம் தேடிப் படித்தேன். படித்ததில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். ஏ.எஃப்.பி. என்பது கல்லீரலிலிருந்து வரும் தபால். தபால் வந்தால் என்ன என்று பார்க்க வேண்டும். வரவில்லை என்பதற்காக அங்கே எல்லாம் நலம் என்று கோப்பை மூடக் கூடாது. வந்தாலுமே, நோய் எங்கெங்கே போயிருக்கிறது என்ற விலாசம் அதில் இருக்காது. எலும்பை எலும்பிடம்தான் கேட்க வேண்டும். கல்லீரல் சுருக்கம் உள்ளவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் வேண்டும், இரத்தச் சோதனை அதற்குத் துணை என்று மருத்துவ நெறிமுறைகள் சொல்வதும் இதனால்தான்.

தபாலைத் திருத்தமாகப் படிக்கவும் முயற்சி நடந்திருக்கிறது. நாம் சாம்பாருக்குப் போடும் மைசூர்ப் பருப்பில் லெக்டின் என்று ஒரு பொருள் இருக்கிறது. புற்றுச் செல் உண்டாக்கும் ஏ.எஃப்.பி.யில் ஒரு வகை அதோடு ஒட்டிக்கொள்ளும். ஜப்பானியர் இதை வைத்து ஏ.எஃப்.பி.-எல்3 என்ற சோதனையை வளர்த்தார்கள். 1984-இல் அமெரிக்காவிலிருந்து டி.சி.பி. என்ற இன்னொரு மார்க்கர் வந்தது. இரத்தம் உறைய உதவும் புரதத்தின் அரைகுறை வடிவம் அது. வார்ஃபரின் மாத்திரை சாப்பிடும் இதய நோயாளிகளுக்குப் புற்று இல்லாமலே அது ஏறும். அப்படிப்பட்டவர்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

எலும்பைப் படம் பிடிப்பதில் ஒரு தமிழ்ப் பெயரும் இருக்கிறது. 1971-இல் நியூயார்க் மாநிலத்தில் உள்ள சிரக்கியூஸ் நகரில் கோபால் சுப்பிரமணியன், ஜான் மெக்காஃபி இருவரும், டெக்னீஷியம் என்ற கதிரியக்கப் பொருளைப் பாஸ்பேட்டோடு சேர்த்து எலும்பில் ஒட்ட வைத்தார்கள். 1975-இல் சுப்பிரமணியன் குழு வெளியிட்ட எம்.டி.பி. என்ற மருந்துதான் இன்றும் போன் ஸ்கேன் எடுக்கும் இடங்களில் பயன்படுகிறது. ஆனால் இதிலும் ஒரு குறிப்பு. எலும்பு தன்னைச் சீர்செய்யப் புதிதாக வளரும் இடத்தில்தான் இந்த மருந்து சேரும். கல்லீரல் புற்று பெரும்பாலும் எலும்பை அரித்துக்கொண்டே போகும், வளர விடாது. ஆகவே போன் ஸ்கேன் சில சமயம் கோட்டைவிடும். சந்தேகம் வலுவாக இருந்தால் சி.டி., எம்.ஆர்.ஐ. என்று போவார்கள்.

இனி நல்ல செய்தி ஒன்று. அதில் நம் இனத்தாருக்கு, அதாவது குமாஸ்தாக்களுக்கு, ஒரு பங்கு உண்டு.

1965-இல் பரூக் பிளம்பர்க் என்பவர் கண்டறிந்த ஒரு பொருள், பிறகு ஹெபடைட்டிஸ் பி கிருமியின் அடையாளம் என்று தெரிந்தது. 1976-இல் அவருக்கு நோபல் பரிசு. ஆனால் அந்தக் கிருமிதான் கல்லீரல் புற்றுக்குக் காரணம் என்று எப்படி நிரூபிப்பது? பாமர் பீஸ்லி என்ற அமெரிக்க மருத்துவர் தைவானில் அரசு ஊழியர்களைத் தேர்ந்தெடுத்தார். அரசு ஊழியருக்கு இன்ஷூரன்ஸ் உண்டு, சர்வீஸ் பதிவு உண்டு, இறந்தால் காரணத்தோடு கோப்பு உண்டு. அவர்கள் கணக்கிலிருந்து காணாமல் போக முடியாது! 22,707 ஆண்கள் இரத்தம் கொடுத்தார்கள். 1981-இல் முடிவு வந்தது. கல்லீரல் புற்றால் இறந்த 41 பேரில் 40 பேர் அந்தக் கிருமியைச் சுமந்தவர்கள். கிருமி உள்ளவருக்கு ஆபத்து 200 மடங்குக்கும் மேல்.

1984-இல் தைவான் பிறந்த குழந்தைகளுக்கு ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியைத் தொடங்கியது. முதலில் கிருமி உள்ள தாய்மாரின் குழந்தைகளுக்கு, இரண்டு வருஷத்தில் எல்லாக் குழந்தைகளுக்கும். 1997-இல் எண்ணிப் பார்த்தபோது, 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளிடம் கல்லீரல் புற்று லட்சத்துக்கு 0.70-லிருந்து 0.36 ஆகக் குறைந்திருந்தது. ஒரு தடுப்பூசி புற்றுநோயையும் தடுக்கும் என்று உலகம் அப்போது பார்த்தது. நம் நாட்டில் 2002 வாக்கில் சில இடங்களில் தொடங்கி, 2011-க்குள் நாடு முழுவதும் குழந்தைகளுக்கு இலவசமாக வந்துவிட்டது.

நம் தலைமுறைக்கு அந்த ஊசி கிடைக்கவில்லை. ஆகவே நாம் செய்யக்கூடியது மூன்று. ஹெபடைட்டிஸ் பி, சி இரண்டுக்கும் வாழ்நாளில் ஒருமுறையாவது இரத்தம் பார்த்துக்கொள்வது. கல்லீரல் நோய் உள்ளவர்கள் எண்ணை மட்டும் நம்பாமல் ஸ்கேனையும் விடாமல் எடுப்பது. மூன்றாவது, அப்படிப்பட்டவருக்குப் புதிதாக முதுகிலோ இடுப்பிலோ விலாவிலோ வலி வந்து, படுத்தால் கூடினால், இரவில் எழுப்பினால், "எனக்குக் கல்லீரல் நோய் உண்டு" என்று முதல் வாக்கியமாகச் சொல்லி மருத்துவரிடம் காட்டுவது. காலில் பலம் குறைந்தாலோ சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ அன்றைக்கே ஓட வேண்டும். தண்டுவடம் நசுங்குகிறது என்று அர்த்தமாகலாம்.

வீட்டில் பெரியவர் யாராவது ராத்திரியில் முனகினால், மேசை மேல் இருக்கும் தாளைப் பார்த்துச் சமாதானம் ஆகிவிடாதீர்கள். எங்கே வலிக்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். பேரன் பேத்திகளின் தடுப்பூசி அட்டையையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஹெபடைட்டிஸ் பி என்ற வரிக்கு எதிரே தேதி இருக்கிறதா என்று சரிபார்க்க ஒரு நிமிஷம்தான் ஆகும். அந்த வேலையில் நமக்கு நல்ல அனுபவம் உண்டு.